சிரிப்புக்குக் காத்திருக்கும் திரை: நகைச்சுவை நாடக மேடையில் புரொஜெக்‌ஷன்

மேடையில் ஓர் அரண்மனை வேண்டுமென்றால் தச்சரும் ஓவியரும் வாரக்கணக்கில் உழைத்த காலம் உண்டு. இன்று ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் அந்த அரண்மனையை வெள்ளைத் துணியின்மேல் நொடிப்பொழுதில் எழுப்பிவிடுகின்றன. அடுத்த நொடியில் அதைக் கடற்கரையாக மாற்றியும் காட்டுகின்றன. இந்த வசதி நாடகக் கலைக்கு நன்மையா தீமையா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் புராண, வரலாற்று நாடகங்களையும் பிரம்மாண்டமான இசை நாடகங்களையும் சுற்றியே வருகிறது. நகைச்சுவை நாடகம் அதில் தனியாகப் பேசப்படுவதில்லை.

தனியாகப் பேசியே ஆக வேண்டும். வியப்பும் சிரிப்பும் மேடையிடம் கேட்பவை வேறு வேறு. வியந்துபோன பார்வையாளர் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். திரையில் ஓடும் படம் அவரைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வேகத்தில் ஓடலாம். சிரிக்கிற பார்வையாளர் சத்தம் எழுப்புவார். அந்தச் சத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து நடிகர் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் வசனம் காதில் விழாது. பிந்தினால் சூடு ஆறிவிடும். அந்த இடைவெளி இன்றைக்கு 2 நொடி, நாளைக்கு 6 நொடி. நடிகருக்கு அது தெரியும். முன்கூட்டியே பதிவுசெய்த படத்துக்குத் தெரியாது.

நகைச்சுவை மேடையில் புரொஜெக்‌ஷன் பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த முரணில்தான் தொடங்குகின்றன. பிம்பம் வெறும் பின்னணியாக நிற்கும்போது அது நகைச்சுவைக்குப் பெரிதாக எதையும் தருவதில்லை. சில நேரம் இருப்பதையும் பறித்துக்கொள்கிறது. பிம்பம் நடிகரோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கும்போது, அதன் காலம் மேடையில் நிற்கிற மனிதரின் கைக்கு வரும்போது, வேறெந்த செட்டாலும் முடியாத சிரிப்பை அது உண்டாக்குகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட மேடை அனுபவம் இதைத்தான் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கமே நகைச்சுவைதான்

திரைப்பிம்பம் மேடைக்கு வந்த ஆரம்ப நாட்களிலேயே அது நகைச்சுவைக்குப் பயன்பட்டது. அமெரிக்கப் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரரான வின்சர் மக்கே, 1914-இல் சிக்காகோவின் பல்சுவை மேடையில் ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை அறிமுகப்படுத்தினார். கெர்ட்டி முழுக்க முழுக்கக் கையால் வரைந்த அசையும் சித்திரம். மக்கே திரைக்கு அருகே சாட்டையோடு நின்று, சர்க்கஸ் பயிற்சியாளரைப்போல அதற்குக் கட்டளையிடுவார். அது கேட்கும், சில நேரம் கேட்காமல் அடம்பிடிக்கும், அதட்டினால் அழும். அவர் ஒரு பழத்தைத் திரையை நோக்கி வீசுவதுபோல் மறைத்துக்கொள்வார். திரையில் கெர்ட்டி அதைக் கவ்விக்கொள்ளும். முடிவில் மக்கே திரைக்குப் பின்னால் போய் மறைய, அவரது சித்திர உருவம் திரைக்குள் நுழைந்து கெர்ட்டியின் முதுகில் ஏறிச் செல்லும்.

அந்தச் சில நிமிடங்களில் நகைச்சுவைப் புரொஜெக்‌ஷனின் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் அடங்கியிருக்கிறது. பிம்பத்துக்கு ஒரு குணம் உண்டு. நடிகருக்கும் பிம்பத்துக்கும் இடையே ஒரு பிணக்கு உண்டு. ஒரு பொருள் இந்த உலகிலிருந்து அந்த உலகுக்குக் கடந்து போகிறது. கடைசியில் மனிதரே எல்லையைத் தாண்டுகிறார். இவை அனைத்தும் மக்கேயின் நேரக்கணக்கை நம்பியிருந்தன. படம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர்தான் படத்தை மனப்பாடம் செய்து அதனுள் தன் பேச்சைப் பொருத்தினார்.

அடுத்த பெரிய முயற்சி மாஸ்கோவில் நடந்தது. திரைப்பட மேதையாக உலகம் பின்னாளில் அறிந்த ஐசன்ஸ்டைன், 1923-இல் புரொலெட்கல்ட் அரங்கில் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் 19-ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகம் ஒன்றை சர்க்கஸ் வேடிக்கையாக மாற்றி அரங்கேற்றினார். பிறரை ஏமாற்றி முன்னேறும் குளூமோவ் என்பவன் தன் உண்மையான எண்ணங்களை எழுதிவைக்கும் நாட்குறிப்பு அந்த நாடகத்தின் முக்கியமான பொருள். அந்த நாட்குறிப்பை வாசித்துக் காட்டுவதற்குப் பதிலாக ஐசன்ஸ்டைன் ஒரு குறும்படத்தைத் திரையில் ஓட்டினார். அதில் குளூமோவ் யாரிடம் காரியம் சாதிக்க வேண்டுமோ அவருக்கு ஏற்றபடி கழுதையாகவும் குழந்தையாகவும் உருமாறுகிறான். ஐசன்ஸ்டைன் இயக்கிய முதல் படம் அதுவே. உலக சினிமாவின் பெரும் பயணங்களுள் ஒன்று ஒரு நகைச்சுவை நாடகத்தின் துணைக்காட்சியாகப் புறப்பட்டது என்பதை நாடகக்காரர்கள் பெருமையோடு நினைவில் வைக்கலாம். அங்கே பிம்பம் இடத்தைக் காட்டவில்லை, மனத்தைக் காட்டியது. மேடையில் குளூமோவ் பணிவோடு பேசும்போது திரை அவனைக் காட்டிக்கொடுத்தது.

1928 ஜனவரியில் பெர்லினில் எர்வின் பிஸ்காட்டர் அரங்கேற்றிய ‘ஷ்வேக்’ நாடகம் இந்த வரிசையில் உச்சம். செக் எழுத்தாளர் ஹஷேக்கின் நாவலில் வரும் ஷ்வேக் ஓர் அப்பாவிச் சிப்பாய். கட்டளைகளுக்கு அளவுக்கு மீறிக் கீழ்ப்படிந்தே ராணுவத்தைக் கேலிப்பொருளாக்குபவன். பிஸ்காட்டர் மேடையின் குறுக்கே இரண்டு நகரும் பட்டைகளை அமைத்தார். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் மாக்ஸ் பாலன்பெர்க் அவற்றின்மேல் நடந்துகொண்டே இருப்பார். ஆனால் இருந்த இடத்தில்தான் இருப்பார். பட்டைகள் பொருள்களையும் மனிதர்களையும் அவரிடம் கொண்டுவந்து, திரும்ப எடுத்துச் சென்றன. பின்திரையில் ஓவியர் ஜார்ஜ் கிரோஸ் வரைந்த கேலிச்சித்திரங்கள் படமாக விழுந்தன: உப்பிய தளபதிகள், மருத்துவர்கள், நீதிபதிகள். இந்த நாடகத்துக்காக கிரோஸ் நூற்றுக்கணக்கான சித்திரங்கள் வரைந்தார். அவற்றிலிருந்து தேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் சில சித்திரங்களுக்காக, குறிப்பாக வாயுக்கவசம் அணிந்த இயேசுவின் சித்திரத்துக்காக, அவர்மீது தெய்வ நிந்தனை வழக்கே தொடுக்கப்பட்டது. அரங்கின் பின்னணிப் படம் நீதிமன்றம் வரை போனது என்றால் அது எவ்வளவு கூர்மையாகப் பேசியிருக்க வேண்டும்!

அதே ‘ஷ்வேக்’ ஒரு பாடத்தையும் விட்டுச்சென்றது. நகரும் பட்டைகள் பெரும் இரைச்சல் எழுப்பின. வசனம் கேட்பதே பாடாயிற்று. இயந்திரம் எவ்வளவு புதுமையானதாக இருந்தாலும் அது நடிகரின் குரலை விழுங்கினால் நகைச்சுவை நட்டப்படும். புரொஜெக்டரின் குளிர்விசிறிச் சத்தத்தை எங்கே ஒளிப்பது என்று இன்றைய அரங்குகள் யோசிக்கும்போது அதே பழைய சிக்கலைத்தான் தீர்க்கின்றன.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா காட்டிய ‘லதர்னா மாகிகா’ அடுத்த கட்டம். இயக்குநர் அல்ஃபிரெட் ராதொக்கும் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வோபதாவும் பல திரைகளையும் உயிருள்ள நடிகர்களையும் ஒரே நிகழ்ச்சியில் பின்னினார்கள். தொகுப்பாளினி மேடையில் நிற்க, அவரே திரையிலும் தோன்றி, வேறு வேறு மொழிகளில் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் பகுதி பார்வையாளரைக் குதூகலப்படுத்தியது. ஆனால் அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு முக்கியமான குறையும் உணரப்பட்டது: படச்சுருள் இளகாது. நடிகர் அதன் வேகத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஒரு நாள் சிரிப்பு நீண்டால் அந்தச் சிரிப்பைப் படம் மிதித்துக்கொண்டு போய்விடும். பின்னால் வந்த தலைமுறையின் தொழில்நுட்பத் தேடல் இந்தக் குறையைத் தீர்ப்பதைச் சுற்றியே அமைந்தது.

இடம் மாறினால் ஏன் சிரிக்கிறோம்?

பிரெஞ்சு தத்துவவாதி ஆன்ரி பெர்க்சன் 1900-இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள ஒன்றின்மேல் இயந்திரத்தன்மை படியும்போது நாம் சிரிக்கிறோம் என்று வாதிட்டார். எல்லாச் சிரிப்பையும் அது விளக்கிவிடாது. ஆனால் புரொஜெக்‌ஷன் உண்டாக்கும் சிரிப்பை அதைவிடத் தெளிவாக விளக்கும் கருத்து வேறில்லை. பிம்பம் இயந்திரம், உடல் உயிர். உடல் ஓர் இடத்துக்கு ஏற்றபடி ஓர் அசைவைத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் இடம் மாறிவிடுகிறது. பழைய இடத்துக்கான அசைவு புதிய இடத்தில் போய் விழுகிறது.

இதற்குச் சிறந்த பாடம் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 1924-ஆம் ஆண்டுப் படமான ‘ஷெர்லாக் ஜூனியர்’. படம் ஓட்டும் தொழிலாளி ஒருவன் கனவில் திரையரங்கின் திரைக்குள் நுழைகிறான். தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப்போகிறான். காட்சி தெருவாக மாறிவிட, மல்லாந்து விழுகிறான். நடக்கிறான், கால் எதிரே மலை விளிம்பு. எட்டிப் பார்க்கிறான், சுற்றிலும் சிங்கங்கள். கடல் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கிறான். பனியில் தலைகீழாகச் செருகிக்கொள்கிறான். உடல் ஒவ்வொரு வெட்டிலும் அணுவளவும் இடம் மாறாமல் தொடர வேண்டும் என்பதற்காகக் கீட்டனின் குழு நில அளவைக் கருவிகளைக் கொண்டு அவர் நின்ற இடத்தை அளந்து வைத்தது. சிரிப்புக்குப் பின்னால் அத்தனை கறாரான அளவு இருந்தது.

இந்தக் காட்சியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் நகைச்சுவை மேடையில் பிம்பம் செய்யக்கூடிய வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, உடலுக்குக் கீழிருந்து இடத்தை உருவுவது. கீட்டன் செய்தது இதைத்தான். இரண்டாவது, அளவைக் குலைப்பது: மனிதரைச் சுண்டெலியாக்குவது, ஒரு ஸ்பூனை மாளிகை உயரத்துக்கு வளர்ப்பது, நின்ற இடத்தில் நிற்பவரைப் பாதாளத்தில் விழச்செய்வது. மூன்றாவது, பேச்சை மறுப்பது: ஒரு பாத்திரம் வீரம் பேசும்போது அவர் ஓடி ஒளிந்த கதையைத் திரை காட்டுவது, ஐசன்ஸ்டைனின் குளூமோவ் இந்த வகை.

நான்காவது ஒரு வேலையும் இருக்கிறது. அதைத்தான் உலகெங்கும் அதிகமாகச் செய்கிறார்கள். வரவேற்பறைக்குப் பதில் வரவேற்பறையின் படம், பூங்காவுக்குப் பதில் பூங்காவின் படம். நடிகருக்கும் அந்தப் படத்துக்கும் எந்த உறவும் இல்லை. செலவு மிச்சமாகும், லாரி வாடகை குறையும். சிரிப்பு மட்டும் ஒன்றுகூட அதிகமாகாது. புரொஜெக்‌ஷன் நாடகத்தைக் கெடுக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் குறை நியாயமானது; அதைப் பிற மூன்று வகைகளின்மேலும் ஏற்றுவதுதான் நியாயமில்லை.

இரண்டு சாட்சிகள்

அண்மைக்கால மேடைகளில் இரண்டு படைப்புகளைச் சற்று நின்று பார்க்கலாம்.

லண்டனைச் சேர்ந்த ‘1927’ என்ற நாடகக் குழுவை சூசன் ஆண்ட்ரேட் என்ற எழுத்தாளர்-நடிகையும் பால் பாரிட் என்ற அனிமேஷன் கலைஞரும் 2005-இல் தொடங்கினார்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு, மௌனப்பட பாணி, கையால் வரைந்த அனிமேஷன் ஆகியவை இவர்களின் அடையாளம். 2012-இல் பெர்லினின் கோமிஷெ ஓப்பர் அரங்கில் இயக்குநர் பேரி காஸ்கியோடு சேர்ந்து மொஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தை இவர்கள் உருவாக்கினார்கள். 1791-இல் வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில், பொறிகளும் தந்திரக் காட்சிகளும் நிறைந்த மக்கள் பொழுதுபோக்காகப் பிறந்த நாடகம் அது. அதன் பாடலாசிரியர் ஷிக்கனேடரே பறவை பிடிக்கும் பாப்பகேனோவாக நடித்துச் சிரிப்பூட்டினார். ஆக, இந்தக் குழு தந்திரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. நாடகத்தின் பிறவிக் குணத்துக்குப் புதிய கருவி தந்தது.

மேடையில் செட் என்று பார்த்தால் ஒரு பெரிய வெள்ளைச் சுவர் மட்டுமே. அதன் பல உயரங்களில் சுழலும் கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்குமளவுக்குச் சிறு தட்டு. மற்றதெல்லாம் படம். அரக்கப் பிராணியிடமிருந்து ஓடும் இளவரசன் சுவரோடு நிற்கிறான். கால்கள் மட்டும் அனிமேஷனில் தலைதெறிக்க ஓடுகின்றன. இரவின் ராணி ராட்சதச் சிலந்தி. உயரத்தில் பாடகியின் முகம், அரங்கை அளக்கும் எலும்புக் கால்கள் படத்தில். பாப்பகேனோவின் தோற்றத்தில் பஸ்டர் கீட்டன், வில்லன் மொனஸ்தாத்தோஸில் பழைய பேய்ப்படத்தின் நாஸ்ஃபெராட்டு, நாயகி பமீனாவில் மௌனப்பட நடிகை லூயிஸ் புரூக்ஸ். நீண்ட உரையாடல்களை நீக்கிவிட்டு, மௌனப்படங்களில் வருவதுபோல எழுத்து அட்டைகளைத் திரையில் காட்டி, மொஸார்ட்டின் பியானோ இசையைப் பின்னால் ஒலிக்கவிட்டார்கள்.

இந்தப் படைப்பின் வெற்றிக்குக் காரணம் அனிமேஷனின் அழகு என்று பலரும் சொல்வார்கள். அழகு உண்மைதான். என் பார்வையில் முதன்மைக் காரணம் வேறு: ஒவ்வொரு சித்திரமும் ஒரு மனித உடலைச் சேர்த்தால்தான் முழுமையடைகிறது. பாடகியை எடுத்துவிட்டால் சிலந்திக்குத் தலை இல்லை. இளவரசனை எடுத்துவிட்டால் கால்கள் அநாதை. பிம்பம் உடலைச் சார்ந்திருக்கிறது. பார்வையாளர் அதை ஒவ்வொரு கணமும் கண்ணால் காண்கிறார். கூடவே, இசை நடத்துநரின் வேகம் இரவுக்கு இரவு மாறும் என்பதால் அனிமேஷனைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிவைத்து, இசையைப் பின்தொடர்ந்து ஒவ்வொன்றாக இயக்குகிறார்கள். லதர்னா மாகிகாவின் இளகாத படச்சுருள் இங்கே இளகிவிட்டது.

இரண்டாவது சாட்சி நியூயார்க்கின் பிராட்வேயில் 2013-இல் தொடங்கிய ‘காதலுக்கும் கொலைக்கும் ஒரு கனவானின் வழிகாட்டி’ என்ற இசை நகைச்சுவை. ஏழை இளைஞன் ஒருவன், தனக்கும் ஒரு பிரபுப் பட்டத்துக்கும் இடையில் நிற்கும் உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொள்கிறான். சாகிற குடும்பத்தினர் அத்தனை பேராகவும் ஜெஃபர்சன் மேஸ் என்ற ஒரே நடிகர் வேடம் மாற்றி வந்தார். மேடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் டாட்ஜ் பெரிய மேடைக்குள் ஒரு குட்டி மேடையை, சிவப்புத் திரைச்சீலையும் அலங்கார வளைவுமாக, எட்வர்ட் மன்னர் காலத்துப் பொம்மை அரங்கின் பாணியில் அமைத்தார். அதன் பின்புறம் முழுக்கத் திரை. ஏரன் ரைனின் படங்கள் அதில் மாளிகைகளாகவும் பனிக்குளமாகவும் தேவாலயக் கோபுரமாகவும் மாறின. கோபுரத்திலிருந்து பாதிரியார் விழும் இடத்தில் உயரத்தையும் பாதாளத்தையும் படம் தந்தது. விழுகிறவரின் பதைப்பை நடிகரின் உடல் தந்தது. மரணம் நடக்கிறது, ஆனால் பொம்மை அரங்கில் நடக்கிறது, ஆகையால் கூசாமல் சிரிக்கலாம். உண்மைபோல் ஏமாற்ற முயலாமல் ‘இது விளையாட்டு’ என்று படம் தானே அறிவித்ததுதான் அந்தக் கறுப்பு நகைச்சுவைக்குக் காப்பாக அமைந்தது. 2014-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை அந்தப் படைப்பும், புரொஜெக்‌ஷனுக்கான டிராமா டெஸ்க் விருதை ரைனும் பெற்றார்கள்.

இரண்டு படைப்புகளுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டுமே புகைப்படம்போன்ற மெய்த்தோற்றத்தை ஒதுக்கி, வரைந்த உலகத்தைத் தேர்ந்தன. வரைந்த உலகில் விதிகளை வளைக்கலாம். கால் நீளலாம், கோபுரம் சாயலாம். மெய்த்தோற்றமுள்ள படத்தில் சிறு தவறும் குறையாகத் தெரியும். வரைந்த படத்தில் அதுவே வேடிக்கையாகிவிடும்.

வெளிச்சச் சண்டை

கலைநோக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இயற்பியல் வழிவிட வேண்டும். நகைச்சுவைக்கு வெளிச்சம் வேண்டும். புருவம் ஏறுவதும் உதடு துடிப்பதும் கடைசி வரிசைக்குத் தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை போய்விடும். புரொஜெக்டருக்கோ இருட்டு வேண்டும். வெள்ளைத் திரையில் கறுப்பை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது. திரையில் கறுப்பு என்பது ஒளி படாத இடம் மட்டுமே. நடிகருக்காகப் போட்ட வெளிச்சம் திரையில் தெறித்தால் கறுப்பு சாம்பலாகி, படம் வெளிறிவிடும்.

கணக்கு எளிது. 8 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயரமும் உள்ள திரையின் பரப்பு 36 சதுர மீட்டர். 10,000 லூமென் புரொஜெக்டர் அதன்மேல் சராசரியாக ஏறக்குறைய 280 லக்ஸ் ஒளியைத் தரும், அதுவும் முழு வெள்ளைப் படத்துக்கு. நடிகர் முகத்தின்மேல் விழும் மேடை ஒளி எளிதில் அதைத் தாண்டும். ஆகவே திருமண மண்டபத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய புரொஜெக்டரை நம்பி நகைச்சுவை நாடகம் போடுகிறவர் படத்தையும் இழப்பார், முகத்தையும் இழப்பார்.

தீர்வுகள் உண்டு. நடிகர்களைத் திரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் முன்னால் நிறுத்துவது. முகத்துக்கான ஒளியைப் பக்கவாட்டிலிருந்தும் செங்குத்தாக மேலிருந்தும் தந்து, அது திரையில் விழாமல் தரையில் விழச்செய்வது. தரைக்குக் கறுப்பு விரிப்பு போட்டுத் தெறிப்பைக் குறைப்பது. வெள்ளைக்குப் பதில் சாம்பல்நிறத் திரை போடுவது. முன்னாலிருந்து படம் வீசினால் நடிகரின் நிழல் திரையில் விழும். பின்னாலிருந்து வீசினால் நிழல் இல்லை, ஆனால் இடம் வேண்டும். 0.8 வீச்சு விகிதமுள்ள (தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்) லென்ஸுக்கு 8 மீட்டர் அகலப் படம் கிடைக்கத் திரைக்குப் பின்னால் 6.4 மீட்டர் ஆழம் தேவை. பல அரங்குகளில் அந்த ஆழம் கிடையாது. அப்போது அரங்கின் மேலிருந்து சாய்வாக வீசி, சாய்வைக் கணினியில் திருத்திக்கொள்கிறார்கள்.

எல்.இ.டி. சுவர் இந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டதாகத் தோன்றும். அது தானே ஒளிர்வதால் மேடை வெளிச்சத்தில் எளிதில் வெளிறாது. ஆனால் அங்கே ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. சுவர் நடிகரைவிடப் பளிச்சென்று இருந்தால் பார்வையாளரின் கண் முகத்தை விட்டுச் சுவருக்குப் போய்விடும்; நடிகர் கறுத்த உருவமாகிவிடுவார். சுவரின் ஒளியை வெகுவாகக் குறைத்துவிட்டுத்தான் நகைச்சுவை நாடகம் நடத்த முடியும். இன்னொன்று, புள்ளி இடைவெளி 4 மில்லிமீட்டர் உள்ள சுவரை ஏறக்குறைய 4 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால்தான் படம் சேர்ந்து தெரியும். சிறிய அரங்கின் முதல் வரிசை அதைவிட நெருக்கமாக இருக்கலாம்.

காலம் யார் கையில்?

இக்கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். இன்று மேடைப் படங்களை இயக்கும் கியூலேப், வாட்ச்அவுட், டிஸ்கைஸ், இசடோரா போன்ற மென்பொருள்கள் படத்தை ஒரே நீளமாக ஓட்டத் தேவையில்லாதபடி செய்துவிட்டன. படம் ‘கியூ’ என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் முடிந்ததும், முடிவில்லாமல் சுழலும் ஒரு காத்திருப்பு நிலைக்கு வரும்: மரம் லேசாக அசையும், கடிகாரப் பெண்டுலம் ஆடும், நாய் மூச்சுவிடும். நடிகர் அடுத்த சொல்லைச் சொன்னதும் மேடை மேலாளர் குரல் கொடுப்பார், இயக்குபவர் விசையைத் தட்டுவார், பிம்பம் அடுத்த செயலுக்கு நகரும். சிரிப்பு 2 நொடி நீடித்தாலும் 10 நொடி நீடித்தாலும் நாய் மூச்சுவிட்டுக்கொண்டே காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பு நிலையை வடிவமைப்பதுதான் நகைச்சுவைப் புரொஜெக்‌ஷனின் நுட்பமான வேலை. அது உறைந்த படமாக இருந்தால் பார்வையாளர் ‘ஏதோ கோளாறு’ என்று நினைப்பார். அதிகமாக அசைந்தால் நடிகரின் முகபாவத்தைத் திருடும். விசையைத் தட்டுகிறவரும் நகைச்சுவை நடிகரைப்போலவே காலம் அறிந்தவராக இருக்க வேண்டும். ஒளி, ஒலி, படம் மூன்றையும் இயக்குபவர்கள் ஒத்திகையின் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தால் இது நடக்காது. முதல் வாசிப்பிலிருந்தே அவர்கள் உட்கார வேண்டும்; எந்த வசனத்துக்குச் சிரிப்பு வரும் என்பதை நடிகர்களோடு சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

மேலை நாடுகளில் இந்தத் தொழில் மெல்லத் தன் இடத்தைப் பெற்றிருக்கிறது. யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளி 2010-இல் புரொஜெக்‌ஷன் வடிவமைப்பைத் தனிப் பாடமாகத் தொடங்கியது. டோனி விருதுகளில் இதற்குத் தனிப் பிரிவு இல்லை. ஆனால் 2025-இல், சியோல் நகரத்து இரண்டு ரோபோக்களின் காதலைச் சொல்லும் ‘ஒருவேளை இனிய முடிவு’ என்ற இசை நாடகத்துக்கான காட்சியமைப்பு விருதை, செட் வடிவமைப்பாளர் டேன் லஃப்ரேயோடு வீடியோ வடிவமைப்பாளர் ஜார்ஜ் ரீவும் பகிர்ந்துகொண்டார். செட்டும் பிம்பமும் ஒரே கலை என்பதற்கு அது ஒரு நல்ல அங்கீகாரம்.

மறுதரப்பு

எல்லா நகைச்சுவைக்கும் பிம்பம் பொருந்தாது என்பதையும் நேராகச் சொல்லியாக வேண்டும். ஆள்மாறாட்டமும் ஓட்டமும் ஒளிதலும் நிறைந்த வகை நாடகங்கள் கதவை நம்பி வாழ்பவை. கதவு அறைந்து சாத்தப்பட வேண்டும். கைப்பிடி கையோடு வர வேண்டும். மைக்கேல் ஃப்ரேனின் 1982-ஆம் ஆண்டு நாடகமான ‘நாய்ஸஸ் ஆஃப்’ இரண்டாம் அங்கத்தில் முழு செட்டையும் திருப்பி, அதன் முதுகுப்புறத்தைக் காட்டுகிறது. முன்பக்கம் நாம் பார்த்த அதே மரப்பலகைகள்தான் அவை என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. லண்டனின் மிஸ்சீஃப் குழு 2012-இல் தொடங்கிய ‘தவறாகப் போகும் நாடகம்’ என்ற படைப்பில் செட்டே துண்டு துண்டாகச் சரிகிறது. அதை வடிவமைத்த நைஜல் ஹூக் 2017-இல் டோனி விருது பெற்றார். படத்தில் வரைந்த சுவர் யார் தலையிலும் விழாது. எடையும் வலியும் சிரிப்பின் காரணமாக இருக்கும் இடத்தில் மரமும் ஆணியுமே வேண்டும்.

தொழில்நுட்பம் அதிகமாவதே வளர்ச்சி என்ற எண்ணமும் தவறு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படக்கதையை நான்கே நடிகர்களை வைத்து மேடையேற்றிய ‘39 படிகள்’ நாடகம், விமானம் துரத்தும் காட்சியை நிழல் பொம்மைகளால் காட்டி அரங்கையே குலுக்கியது. ஒரு விளக்கும் ஒரு துணியும் போதுமானதாக இருந்தன.

தோல்பாவையிடம் ஒரு பாடம்

நிழலும் துணியும் என்று வந்தபின் தமிழ் வாசகருக்குத் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வராமல் இராது. விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் இடையே ஆட்டுத்தோல் பாவைகளை ஆட்டி ராமாயணக் கதை சொல்லும் இந்தக் கலையில், கதைக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்கவைப்பார்கள். திரைப்பிம்பமும் நகைச்சுவையும் சேர்ந்த கலை நமக்குப் புதியதன்று. அதில் கவனிக்க வேண்டியது, பாவையை ஆட்டுகிறவரும் அதற்குக் குரல் கொடுக்கிறவரும் ஒருவரே என்பது. கூட்டம் சிரித்தால் அவர் நிறுத்துவார். சிரிக்காவிட்டால் பேச்சை மாற்றுவார். ஸ்வோபதா தேடிய இளக்கம், ‘1927’ குழு துண்டு துண்டாக வெட்டி அடைந்த இளக்கம், அந்தக் கூத்துக் கலைஞரின் விரலிடுக்கில் எப்போதும் இருந்தது.

நம் மேடை மரபில் தந்திரக் காட்சிக்கும் குறைவில்லை. வண்ணப் படுதாக்களை வரிசையாகத் தொங்கவிட்ட நாடகக் கம்பெனிகள், நவாப் ராஜமாணிக்கத்தின் பிரம்மாண்டங்கள், ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற படைப்புகள் என அந்த மரபு நீண்டது. ஆனால் அந்தத் தந்திரங்கள் பெரும்பாலும் பக்திக்கும் வியப்புக்கும் பயன்பட்டன. சபா மேடையின் நகைச்சுவை நாடகம் வேறு வழியில் வளர்ந்தது: ஒரு சோபா, இரண்டு வாசல், ஒரு தொலைபேசி, மற்றதெல்லாம் வசனம். மாலையில் செட் கட்டி அன்றிரவே கழற்ற வேண்டிய நெருக்கடியில் அந்த எளிமை ஒரு தேவையாகவும், வசனத்தின் கூர்மைக்கு ஒரு பயிற்சியாகவும் அமைந்தது.

இன்று எல்.இ.டி. சுவர் வாடகைக்குக் கிடைக்கிறது; அது சபா மேடைக்கும் வருகிறது. சோபாவுக்குப் பின்னால் வரவேற்பறையின் படத்தைப் போடுவதோடு நின்றால் நாம் எதையும் பெறமாட்டோம். நடிகரின் முகத்துக்குப் போட்டியாக ஒரு வெளிச்சத்தை மட்டும் வாங்கியிருப்போம். மாமனார் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. மருமகன் பொய் சொல்லும்போதெல்லாம் படத்திலுள்ள மாமனார் கண்ணை உருட்டுகிறார் என்று ஓர் எழுத்தாளர் யோசித்தால், ஒரு சிறிய திரையும் ஒரு மடிக்கணினியும் போதும். அந்தக் கணத்தில் சுவர் ஒரு பாத்திரமாகிறது. பிம்பத்துக்கான வேலையை எழுத்துப் படியிலேயே எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியவை

இந்த ஆய்விலிருந்து நாடகக்காரர்களுக்கு நான்கு முடிவுகளை உறுதியாகச் சொல்ல முடியும். ஒன்று, பிம்பத்துக்கு ஒரு செயல் இருக்க வேண்டும். இடத்தைக் காட்டுவது மட்டும் செயலாகாது. இரண்டு, அந்தச் செயல் ஒரு நடிகரின் உடலோடோ பேச்சோடோ மோத வேண்டும் அல்லது அதை முழுமையாக்க வேண்டும். மூன்று, படம் துண்டுகளாக இருந்து, ஒவ்வொரு துண்டும் சிரிப்புக்குக் காத்திருக்கும் நிலையோடு முடிய வேண்டும். நான்கு, நடிகரின் முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை முதலில் முடிவுசெய்து, எஞ்சிய இருட்டில்தான் படத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் நாடகமும் தலைகீழாகிவிடும்.

நாடகக் குழுக்கள் இதற்குப் பெரும் பணம் தேட வேண்டியதில்லை. அனிமேஷன் கற்ற இளைஞர் ஒருவரை ஒத்திகைக்கு முதல் நாளே அழைத்து, நடிகர்களோடு உட்காரவைப்பதுதான் முதல் முதலீடு. நகைச்சுவையின் காலம் அவருக்குப் பிடிபட ஒரு பருவம் ஆகலாம். அதைக் கற்றுக்கொடுக்கக்கூடிய மூத்த நடிகர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மேடையில் இருக்கும்போதே அந்தப் பாடம் கைமாறியாக வேண்டும்.